பெரியம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள்

பாப்பா,

வியாழக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது. இன்னொரு கார்டு வாங்கக் கீழே போன அப்பா, கடைக்காரரோடு கிரிக்கெட் பேசி முடித்து மேலே வருவதற்குள் அங்கே நீ படுக்கப் போயிருப்பாய் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பதில் தொண்டையில் மாத்திரை மாதிரி நிற்கிறது. எழுதினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

இங்கே பஹ்ரைனில் நம் ஆட்கள் வருடா வருடம் போடும் மலருக்கு என்னிடமும் ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் என்பதால் சர்க்கரை நோயைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த ஈசா டவுனில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். ஆனாலும் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். உன் பெயரையோ நீ வேலை பார்க்கும் ஊரின் பெயரையோ எழுதவில்லை. உன் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று தோன்றினால் சொல், சர்க்கரை நோயைப் பற்றியே எழுதித் தந்துவிடுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பெர்த்திலிருந்து ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போக வேண்டிய செம்மண் ஊர். அங்கே குழந்தைகள் நலனுக்கான சர்க்கார் ஆபீஸில் உனக்கு வேலை. அந்த மண்ணின் ஆதிக்குடி வீடு ஒன்றில் ஒரு பெண் குழந்தை, இன்னும் பால் பல் விழவில்லை என்றாய். அதன் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் மெஷின் அந்த ஊரில் கிடையாது என்பதால் அவள் பெர்த்தில் தங்கியிருக்கிறாள். குழந்தை அவளுடைய அக்காவிடம் வளர்கிறது. பள்ளியிலிருந்து யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள்: வீட்டில் ஆள் அதிகம், எல்லோரும் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார்கள், குழந்தை இன்றைக்கு இந்த வீட்டில் தூங்கினால் நாளைக்கு அடுத்த வீட்டில் தூங்குகிறது, காதில் சீழ் வடிகிறது, பாதி நாள் வகுப்புக்கு வருவதில்லை, சர்க்கார் உதவிப் பணம் வரும் நாளில் அந்த வீட்டுப் பக்கம் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்தக் குழந்தையை அங்கிருந்து எடுத்து, எங்கோ தூரத்து ஊரில் முன்பின் தெரியாத குடும்பத்தில் வைக்கலாமா கூடாதா என்று அடுத்த வாரத்துக்குள் நீ எழுதிக் கொடுக்க வேண்டும். நீ எழுதுவதை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

நீ ஆபீஸின் வெள்ளைக் காரில் போய் அந்த வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறாய். அந்த அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து நின்றவள், உன்னை உள்ளே கூப்பிடவில்லை. அவள் இங்கிலீஷில் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். “போன தடவ வெள்ளக்காரங்கள அனுப்பினாங்க. இந்தத் தடவ உன்ன அனுப்பியிருக்காங்க.” போன தடவை என்று அவள் சொன்னது அவளுடைய அம்மாவைத் தூக்கிப் போனதை. அந்த அம்மா சின்னக் குழந்தையாக இருந்தபோது அவளைப் போலீஸ் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு விடுதியில் வளர்த்திருக்கிறார்கள். பெரியவளாகி ஊர் தேடி வந்தபோது, பெற்றவள் பேசிய பாஷை அவளுக்குப் புரியவில்லையாம். நீ திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய். அப்புறம்தான் என்னிடம் கேட்டாய். “நான் என்னம்மா செஞ்சேன்? அவங்கம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப நான் பொறக்கவே இல்லையே. நம்ம யாருமே அந்த நாட்டுல இல்லையே.”

நீ ஒன்றும் செய்யவில்லை, அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, நமக்கெதுக்கு அந்த வம்பு, வேலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் தூங்கு என்றேன். அந்த நேரத்துக்கு உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற அப்பா வழக்கம்போல் கேலி செய்தார். “மன்னார்குடிக்காரிய வெள்ளக்காரி கணக்குல சேத்துட்டாங்களா? அவ பூசுற பவுடர் அப்படி” என்றார். பிறகு அவரும் யோசித்து, நாமே அவனிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், நம்மைப் போய் அந்தப் பாவத்தில் பங்கு கேட்பது என்ன நியாயம் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கே மறந்துபோன ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது.

அப்பா சைட்டில் ஃபோர்மேனாக இருந்த காலம் உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. மேனேஜர் ஓர் இங்கிலீஷ்காரர். நல்ல மனிதர், தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கை ஆசையாக வாங்கிச் சாப்பிடுவார். ராமநாதபுரத்துப் பக்கத்து வெல்டர் ஒருவருக்கு அவர் அப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எமர்ஜென்சி லீவு கேட்டார். வேலை முடிகிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் தன் ஏசி அறையில் உட்கார்ந்து, மிகவும் வருத்தப்பட்டு, அப்பாவிடம் சொன்னார். வெயிலில் நடந்துபோய் அந்த மனிதரிடம் “லீவு மாஃபி” என்று சொன்னது யார்? உன் அப்பா. ரொம்ப நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மனாமா கோயிலில் அந்த வெல்டர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு வரிசையை விட்டு விலகி வேறு பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா பொறுமிக்கொண்டே இருந்தார். “நானா லீவு இல்லேன்னேன்? மேலேருந்து வந்தத சொன்னேன், அவ்வளவுதான்.” உண்மைதான். ஆனால் அந்த வெல்டர் மேனேஜரின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அவருக்கு, தகப்பனின் கடைசிக் காரியத்துக்குப் போக முடியாமல் போனதற்கு உன் அப்பாவின் முகம்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் எந்த ஊரையும் தனியாக ஆண்டதில்லை, பாப்பா. நம் ஊரில் வரி வசூலித்தவன் நம் ஆள், அடித்தவன் நம் ஆள். அந்தக் குழந்தைகளை ஏற்றிப் போன காரை ஓட்டியவர் ஒருவர் இருந்திருப்பார், விடுதியில் கஞ்சி காய்ச்சியவர், தலைமுடியை வெட்டிவிட்டவர், பெயரை மாற்றி எழுதியவர் என்று எத்தனையோ பேர் சம்பளத்துக்கு இருந்திருப்பார்கள். மேலேயிருந்து வந்ததைச் செய்தோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் நிம்மதியாகச் செத்தும் போயிருப்பார்கள். உனக்கும் அவர்களுக்கும் மலையளவு வித்தியாசம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்கிறவளுக்குக் கார் ஒன்றாகத்தானே தெரிகிறது.

நான் சொன்ன பதிலில் என்னை உறுத்துவது ‘நமக்கெதுக்கு’ என்ற வார்த்தைதான். அதைக் கேட்டுக் கேட்டே நீ வளர்ந்தாய். ஸ்கூல் பஸ் ஜன்னல் வழியாக, உச்சி வெயிலில் ரோடு போடுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் ஏன் நிழலுக்குப் போகவில்லை என்று கேட்டாய். நமக்கெதுக்கு என்றேன். அடுத்த ஃபிளாட்டில் வேலை செய்த இலங்கைப் பெண் ஏன் வெளியே வருவதே இல்லை என்று கேட்டாய். நமக்கெதுக்கு என்றேன். இது நம் ஊரில்லை, இங்கே நாம் வேலைக்கு வந்தவர்கள், வாயைத் திறந்தால் விசா கேன்சல் என்று பயந்து பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். இத்தனை வருடம் இருந்தும் இங்கே எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது, ஓட்டுக் கிடையாது. அடுத்த வருடம் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தால் எல்லாம் கலாஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரின் நல்லதில் பங்கு இல்லாதவனுக்குக் கெட்டதில் மட்டும் என்ன பங்கு என்று நினைத்துக்கொண்டோம். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ அப்படி இல்லை. நீ அந்த நாட்டுப் பிரஜை. நம் குடும்பத்தில் முதன்முதலாக, போன மண்ணிலேயே ‘இது என் ஊர்’ என்று சொல்லும் பாத்தியதை கிடைத்தவள் நீ. நீ கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லும் போட்டோவை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். வீடு வாங்குகிறவன் சுவரிலிருக்கும் விரிசலையும் சேர்த்துத்தானே வாங்குகிறான்? நான் வைக்கவில்லை என்று சொல்லலாம். என் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா?

போன வருடம் உங்கள் பிரதமர், பிள்ளைகளை எடுத்துப் போனதற்காக அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டதை நான் டிவியில் பார்த்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. கிளினிக்கில் டீ குடிக்கும் அறையில் நானும் என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நர்ஸும் மட்டும் இருந்தோம். டிவியில் வயதான பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி பழைய போட்டோ ஒன்றை நெஞ்சோடு வைத்திருந்தாள். எனக்கு முதலில் விஷயம் புரியவில்லை. அந்த நர்ஸ்தான் விளக்கினாள். அவளுடைய பையனை அவள் தங்கை வளர்க்கிறாள், வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பாள். விளக்கிவிட்டு அவள் சொன்னாள், “அவங்ககிட்டேருந்து பிடுங்கிட்டாங்க. நாம நாமளாவே குடுத்துட்டு வந்தோம்.” பிறகு இரண்டு பேரும் கப்பைக் கழுவி வைத்துவிட்டு டூட்டிக்குப் போனோம். அதையும் இதையும் நான் ஒன்றாக்கவில்லை. எனக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. எந்தப் போலீஸும் என் வீட்டுக்கு வரவில்லை. என் பாஷையை உன்னிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். இதுவரை நாம் இதைச் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. நீ நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்த வயது. அப்பா இங்கே கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் இருந்தார். எனக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, ஆனால் நர்ஸ் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், குழந்தை கூடாது என்பது கான்ட்ராக்ட். புருஷன் ஒரு மூலையில், பெண்டாட்டி ஒரு மூலையில், வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பார்த்துக்கொள்வோம். உன்னை மன்னார்குடியில் பெரியம்மாவிடம் விட்டேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: பிள்ளை தூங்கும்போது கிளம்பிவிடு, முழித்திருந்தால் கால் நகராது. நாமெல்லாம் அப்படித்தானே செய்தோம்? இந்த மலரைப் படிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் பிள்ளை தூங்கக் காத்திருந்து டாக்ஸி ஏறியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ மதியம் சாப்பிட்டுவிட்டுப் பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாய். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அதற்குப் பிறகு நீ மதியத்தில் தூங்கவே இல்லை என்று பெரியம்மா சொன்னாள். கண் சொருகினால் எழுந்து நடப்பாயாம். இன்றைக்கும் நீ மதியத்தில் தூங்குவதில்லை. சுறுசுறுப்பான பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் வாயைத் திறப்பதில்லை.

மூன்று வருடம் கழித்து ஃபேமிலி விசா கிடைத்து உன்னைக் கூட்டிப் போக அப்பாவோடு வந்தேன். நீ என்னைப் பெரியம்மாவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். நான் பேசி அனுப்பிய கேசட்டுகளை அவள் தினமும் போட்டுக் காட்டியிருக்கிறாள். நீ டேப்ரெக்கார்டரைக் காட்டி, அம்மா அதற்குள்ளே இருக்கிறாள் என்று என்னிடமே சொன்னாய். லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. கடைசி நாளில் நீயும் பெரியம்மாவும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பாவும் நானும் பேசிவைத்துக்கொண்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் உனக்குப் பாவாடை சட்டை எடுத்துவிட்டு சாயங்காலம் வந்துவிடுகிறோம் என்று பெரியம்மாவிடம் சொல்லிக் கிளம்பினோம். பெட்டிகளை முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று. திருச்சியில் இறங்கவே இல்லை. மெட்ராஸ் போய் அங்கேயிருந்து எதிர்வீட்டுக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றோம். பிளேன் மேலே ஏறியதும் நீ எழுந்து நின்று முன்னேயும் பின்னேயும் பார்த்துவிட்டு, “பெரியம்மா எங்க உக்காந்திருக்காங்க?” என்று கேட்டாய். அந்தக் கேள்வியை அப்பா உன் மழலையிலேயே சொல்லிக் காட்டுவார், விருந்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நீயும்தான். பின் சீட்டில் இருக்கிறாள் என்று அன்றைக்கு நான் சொன்ன பதிலை நம்பி, நீ பஹ்ரைன் வரும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததை மட்டும் அப்பா சொல்வதில்லை.

விட்டுவிட்டுப் போனதற்கு நான் எத்தனையோ தடவை உன்னிடம் அழுதிருக்கிறேன். எடுத்துக்கொண்டு வந்ததற்கு ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை. என் பிள்ளை, என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன், அதில் என்ன தப்பு? இந்தியன் ஸ்கூல், தனி ரூம், ஏசி, எல்லாம் உனக்குத்தானே. எடுத்துப் போகிறவர்கள் யாரும் கெடுதல் செய்கிறோம் என்று நினைத்து எடுப்பதில்லை, பாப்பா. போன தடவை அந்த வீட்டுக்குக் காரில் வந்தவர்களும் நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் குழந்தையின் பாட்டியும் காரின் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்திருப்பாள். உன்னைக் கூட்டி வந்தபோது எனக்கு உரிமை இருந்தது, அவர்களுக்கு இல்லை. அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் ஏமாற்றி ஏற்றியதில் எங்களுக்குள் வித்தியாசம் இல்லை.

இப்போது உன் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆள் ஒருவர் அந்தக் காலத்தில் மன்னார்குடிக்கு வந்து பெரியம்மா வீட்டைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார். தாய் உடன் இல்லை, கடல் தாண்டிப் போய்விட்டாள். வீட்டில் ஆள் அதிகம். அண்ணன்மார் இரண்டு பேர், பெரியப்பா, அவர் தம்பி குடும்பம் எல்லாம் ஒரே கூடத்தில் பாய் போட்டுத் தூங்குகிறார்கள். குழந்தை ஒரு நாள் எதிர்வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடுகிறது. தலையில் பேன், காலில் சிரங்கு. பெரியப்பாவின் தம்பி சில நாள் குடித்துவிட்டு வருவார், அதுவும் உண்மை. எல்லாவற்றையும் எழுதியிருக்கலாம், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்தக் குடிகாரர் வரும் நாளில் பெரியம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதை எழுதியிருப்பார்களா? நீ அங்கே ஏன் தூங்கினாய் என்று யாராவது கேட்டிருப்பார்களா? கைவிடப்பட்ட குழந்தை என்று எழுதி உன்னை எடுத்துப் போயிருந்தால், நான் லீவில் வந்து யாரிடம் போய்க் கேட்டிருப்பேன்? அம்மாவின் அக்காவும் அம்மாதான் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? அந்த மக்களிடமும் அப்படித்தான் என்று நீயே போன பொங்கலுக்குப் பேசும்போது சொன்னாய். நம்ம ஊர் மாதிரியே இருக்கும்மா, பெரியம்மாவையும் அம்மான்னுதான் கூப்பிடுறாங்க என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். உன் ஆபீஸில் வேறு யாருக்கும் அது உடனே புரிந்திருக்காது. புரிந்தவள் நீ ஒருத்தி அந்தக் காரில் போயிருக்கிறாய்.

நான் டயாலிசிஸ் நர்ஸ். அந்த மெஷினில் இருப்பவர்களின் பாடு எனக்குத் தெரியும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும், கால் வீங்கும். பிள்ளையை விட்டுவிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் போய் இருப்பவள் பிள்ளையைக் கைவிட்டவள் இல்லை. பிள்ளைக்காக உயிரோடு இருக்கப் போனவள். இதை உன் ரிப்போர்ட்டில் எழுது. காதில் சீழ் வடிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. அதற்குத் தேவை ஒரு நர்ஸ், வேறொரு குடும்பம் இல்லை. இதையும் எழுது. அதற்காக அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் பார்க்கவில்லை. நிஜமாகவே அந்தக் குழந்தைக்கு ஆபத்து இருக்கலாம். பயந்துகொண்டு நீ கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அது எனக்கு இனிப்பான பேச்சு. நீ வந்தால் உனக்கு இருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். உன் கொலுசுப் பெட்டி, உன் ஸ்கூல் பேட்ஜ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூன்று வருடம் உன்னைப் பார்க்காமல் இருந்தவளுக்கு இப்போது மறுபடியும் மூன்று வருடம் ஆகப் போகிறது. வந்துவிடு என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் நீ வந்துவிட்டால் அந்த வாசலுக்கு இன்னொரு ஆளை அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். கிளினிக்கிலிருந்து பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. அன்றைக்குத் திருச்சி போகிறேன் என்று பொய் சொல்லி உன்னைக் கூட்டிப் போனதைப் பற்றி இத்தனை வருடத்தில் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசியதில்லை. நேற்று நானாகப் பேச்சை எடுத்தேன். அவள் சொன்னாள். “சாயங்காலம் வந்துருவீங்கன்னு பிள்ளைக்குப் பால் காச்சி வச்சிருந்தேன்டி. மறுநாள் திரிஞ்சி போச்சி.”

திட்டவில்லை, அழவும் இல்லை. உனக்கு நல்லதுதானே நடந்தது என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நான்தான் கிளினிக் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிப் போயிருந்தால் அவள் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், உன்னை விடமாட்டேன் என்று மல்லுக்கட்டியிருப்பாள். எனக்கு அது தாங்க முடியாது என்று நான் தப்பித்துக்கொண்டேன். அவளுடைய அழுகையை அழக்கூட அவளுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. உன் ஆபீஸில் குழந்தையை எடுப்பதாக இருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிப் போய்விடுவார்கள், வீட்டில் ரகளை இருக்காது என்று சொன்னாயே, அதுவும் நாங்கள் திருச்சி போகிறோம் என்று கிளம்பியது மாதிரிதான். ரகளை வேண்டாம் என்பது எடுத்துப் போகிறவர்களின் வசதி, பாப்பா. அது குழந்தைக்காக இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். உன் ரிப்போர்ட்டை எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போ. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போ. அவள் உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலிலேயே உட்கார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாதே, நான் உன்னிடம் சொன்ன அந்தப் பதிலை அவளிடம் கொண்டுபோகாதே. நீ சொன்னது சரிதான், இந்தத் தடவை என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல். பிறகு, மன்னார்குடியில் உன்னை வளர்த்தவளைப் பற்றிச் சொல். குடிகாரர் வரும் நாளில் இந்தக் குழந்தையை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறாள் என்று அவளிடம் கேள். அவள் பதில் சொன்னால் அதை அப்படியே எழுது. எல்லாம் கேட்ட பிறகும் குழந்தையை அங்கே விட முடியாது என்று உன் மனசுக்குப் பட்டால், அப்படியே எழுது, ஆனால் அதை முதலில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அவள் கத்தட்டும், கூட நின்று கேள். பெர்த்தில் அதன் அம்மா இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குழந்தையையும் அந்த அக்காவையும் சேர்த்து வைக்க ஒரு வழி இருக்கிறதா என்று உன் மேலதிகாரிகளைக் குடைந்தெடு. கடைசியில் அந்தக் குழந்தை எந்தக் காரில் ஏறினாலும் அந்தக் கார் பட்டப்பகலில் கிளம்பட்டும். அது எழுந்து நின்று, பெரியம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டால், இதோ உன் பக்கத்தில் என்று உன்னால் பொய் இல்லாமல் சொல்ல முடியட்டும்.

வேலை முடிந்ததும் மன்னார்குடிக்குப் போன் பண்ணு. சத்தமாகப் பேசு, அவளுக்குக் காது கேட்காது. என்னிடம் மெதுவாக அப்புறம் பேசினால் போதும், நான் காத்துக்கொண்டிருக்கப் பழகியவள்.

உன் இரண்டு அம்மாக்களில்
இளையவள்